போய்ட்டு வாங்க தாயி

இரண்டு வருடங்களுக்கு முன், கண்டியில் பெரஹரா ஊர்வலம் முடிந்து யானைகளெல்லாம் ஊர் திரும்பியிருந்த சமயத்தில் இது தொடங்கியது. நான் கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை செய்கிறேன். கம்பளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். பெனர், ஸ்டிக்கர், கல்யாண வீட்டு போர்ட், அரசாங்கக் கந்தோர்களுக்கு மும்மொழிப் பலகை எல்லாம் செய்வோம். கடையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆகவே எங்கள் பக்கத்தில் எழுத்துப் பிழையில்லாத தமிழ்ப் பலகை ஒன்றை நீங்கள் பார்த்தால், அது என் கைவேலையாக இருக்கலாம். பிழையுள்ளவற்றுக்கு நான் பொறுப்பில்லை. அவைதான் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் ஆட்டோவில் இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டி வந்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு சிங்களவர். இடது கால் பொய்க்கால் என்பது அவர் கடைப்படி ஏறிய விதத்திலேயே தெரிந்தது. கூட வந்தவர் ஓய்வு பெற்ற தாதி. யுத்தக் காலம் முழுக்கக் காயப்பட்ட இராணுவத்தினரின் வார்டில் வேலை செய்தவராம். ஓட்டி வந்தவர் அந்த அம்மாவை 'மிஸ்' என்றார், அந்த அம்மா அவரைச் 'சார்ஜன்ட்' என்றார். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். காயப்பட்ட படையினருக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் உதவுகிற ஒரு சின்னச் சங்கத்தை நடத்துகிறார்கள். பேராதனை வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு ஒழுங்கையில் வாடகை வீடு. அதற்கு ஒரு போர்ட்டும் ஆட்டோவுக்கு ஒரு ஸ்டிக்கரும் வேண்டும் என்றார்கள். எங்கள் பேச்செல்லாம் சிங்களத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன், தங்கையைக் கூப்பிடும் 'நங்கி', தம்பியைக் கூப்பிடும் 'மல்லி' இரண்டையும் மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

அவர்கள் கொண்டு வந்த மாதிரியில் சிங்கள வரிக்குக் கீழே தமிழ் வரியும் இருந்தது. யாரோ சிங்களத்தை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். முதல் சொல்லே 'ரணவிரு'. சிங்களத்தில் அதற்குப் போர் வீரர் என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மிஸ், தமிழ்ல ரணம்னா புண். இத வாசிக்கிறவங்க புண்ணுக்கு மருந்து கட்டுற எடம்னு நெனைச்சிருவாங்க" என்றேன்.

அந்த அம்மாவும் சிரித்தார். "அப்படி நெனைச்சாலும் பிழையில்ல நங்கி. நான் வாழ்நாள் முழுக்கச் செஞ்ச வேல அதுதானே" என்றார்.

'படைவீரர்' என்று மாற்றிப் போட்டேன். போட்டுக்கொண்டே, என் வாய் சும்மா இருக்காதே, கேட்டும் விட்டேன். "இந்தத் தமிழ் வரி எதுக்கு மிஸ்? ஒங்ககிட்ட எந்தத் தமிழ் ஆள் வரப்போறாங்க?"

"இருக்காங்க நங்கி. ஆமியில இருந்த தமிழ்ப் பிள்ளைங்க கொஞ்சப் பேர் இந்தப் பக்கம் இருக்காங்க. வரத்தான் மாட்டேங்கிறாங்க. அதுக்குத்தான் இந்த வரி."

என் விரல் கீபோர்ட்டில் அப்படியே நின்றது. ஏனென்றால் அவர் சொன்ன அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். தலையைக் குனிந்து அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினேன்.

புறப்படும்போது சார்ஜன்ட் எனக்கு மரியாதை செய்ய நினைத்தார் போலிருக்கிறது. நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "சரி, போய்ட்டு வாங்க தாயி" என்றார். கடையில் இருக்கப்போவது நான். போகிறவர் அவர். ஆனால் என்னைப் போய்ட்டு வரச் சொல்லிவிட்டு அவர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஒன்று மட்டும் இடித்தது. 'தாயி' என்பது எங்கள் மலையகத் தோட்டத்து ஆட்களின் சொல். இந்தச் சிங்கள மனுஷனுக்கு அது எங்கிருந்து வந்தது? ஏதாவது தேயிலைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணனுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. படிப்பு முடிந்து கம்பளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நின்றார். கூட நின்ற சிங்களச் சிநேகிதர் ஆமிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போனபோது இவரும் துணைக்குப் போனார். துணைக்குப் போனவரையும் எடுத்துக்கொண்டார்கள். அம்மா அழுதார், திட்டினார், சாப்பிடாமல் கிடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக்காரர்களிடம் கொழும்பில் செக்யூரிட்டி வேலை என்று சொல்லி வைத்தோம். பிறகு வடக்கில் ஒரு மிதிவெடியில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதற்கு லொறி மோதிவிட்டது என்று சொன்னோம். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் வெளியில் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திக்கொண்டார். போனால் யாராவது ஒருவர், கால் எப்படிப் போனது, எந்த லொறி, கேஸ் போட்டீங்களா என்று கேட்பார். எங்கள் அடுத்த வீட்டில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். நல்ல மனுஷி. விரதச் சாப்பாடு செய்தால் எங்களுக்கும் ஒரு பங்கு வரும். ஆனால் அவருடைய சொந்தங்கள் சிலர் யுத்தத்தில் போய்விட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து நான் ஆமியில் இருந்தேன் என்று சொல்ல அண்ணனால் முடியாது. பொய் சொல்லவும் முடியாது. அதனால் முகத்தையே பார்க்காமல் இருந்துவிட்டார். சிங்களச் சிநேகிதர்கள் முதலில் போன் எடுத்தார்கள். இவர் பேசாமல் பேசாமல் அதுவும் நின்று போனது.

அந்த வருடம் ஐப்பசி மழை தொடங்கியபோது வீட்டில் ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்று அம்மா அலுமாரிக்குப் பின்னாலெல்லாம் தேடினார். எலி இல்லை, அண்ணனின் கால். பொய்க்கால் பழசாகி, சீனி வியாதியில் ஆளும் மெலிந்து, அது பொருந்தாமல் உரசி உரசி கால் முடியும் இடத்தில் புண் வந்திருக்கிறது. சீலையைச் சுற்றி, பவுடர் போட்டு எங்களிடம் மறைத்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முழங்கால் இருக்கும் வரைக்கும் புதுக் கால் போட்டு இவர் நடக்கலாம். புண் மேலே ஏறினால் முழங்காலுக்கு மேலேதான் வெட்ட வேண்டி வரும். உடனே வார்டில் இருக்க வேண்டும்.

அண்ணன் இருக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பேச்சுக் கொடுத்து, கால் எப்படிப் போனது என்று கேட்டாராம். நாங்கள் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கத்தினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் என் மனதில் முழங்கால் என்ற ஒரே சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து அந்த ஒழுங்கையில் ஏறினேன். நான் செய்த போர்ட் கேற்றில் தொங்கியது. எழுத்து நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன், தொழில் புத்தி. உள்ளே விறாந்தை நெடுக ஊன்றுகோல்கள், சக்கர நாற்காலிகள். சமையலறையில் ஒரு பெண் இலைக்கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். சங்கத்தின் மூன்றாவது ஆள் அவர். கணவர் யுத்தத்தில் காணாமல் போனவர். அந்த மூன்று பேரும்தான் மொத்தச் சங்கமும். நான் யார் என்று கூடக் கேட்காமல் ஒரு கோப்பைக் கஞ்சியைக் கையில் தந்தார். கூடவே கடித்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி. பாதி குடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனைப் பற்றி எங்கள் வீட்டுக்கு வெளியில் முதன்முதலாக நான் சொன்னது அந்தச் சமையலறையில்தான்.

"அவரால வர முடியாட்டி நாங்க போவோம். அது ஒரு பெரிய விஷயமா?" என்றார் அந்தப் பெண்.

பெரிய விஷயம்தான் என்று விளக்கினேன். ஆட்டோவில் சங்கத்தின் ஸ்டிக்கர் இருக்கிறது, தெருவுக்கே தெரிந்துவிடும், தயவு செய்து அது தெரியாமல் வாருங்கள் என்று கேட்டேன். நானே வெட்டி நானே ஒட்டிய ஸ்டிக்கர் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். ஸ்டிக்கரின் மேல் ஒரு பூப்போட்ட குளியல் துவாயைத் தொங்கவிட்டு, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நான் உள்ளறையில் அண்ணனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். யாரையும் பார்க்க மாட்டேன், அனுப்பிவிடு என்கிறார். அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தது திரைச்சீலைக்கு இடையால் தெரிந்தது. மிஸ் பின்சீட்டிலிருந்து மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அதற்குள் சார்ஜன்ட் முந்திக்கொண்டு படியேறிவிட்டார்.

தலைமயிர் ஒட்ட வெட்டிய, நெஞ்சு நிமிர்ந்த ஒரு சிங்களவர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே திரும்பினார். அம்மா பயந்துவிட்டாரே, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சார்ஜன்ட் நினைத்திருக்கிறார். சொன்னார். தமிழிலேயே சொன்னார்.

"நில்லுங்க."

அம்மா நின்றார்.

"எங்க போறது?"

பாவம், அந்த மனுஷனிடம் இருந்த தமிழே அவ்வளவுதான். வருடக்கணக்காக வடக்கில் ஒரு செக்பொயின்ட்டில் நின்று படித்த தமிழ். ஆனால் அம்மாவுக்கு அது தெரியாதே. யுத்தக் காலத்தில் ஒரு முறை கொழும்புக்கு மருந்தெடுக்கப் போனபோது அம்மா ஐடென்டிகார்டை மறந்து போய், பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் பகல் முழுக்க உட்கார வைக்கப்பட்டவர். அன்றிலிருந்து அந்தக் கார்ட் அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையை விட்டு இறங்கியதில்லை. குளிக்கப் போனாலும் கொடியில் கண்ணில் படுகிற மாதிரித்தான் பையைத் தொங்கவிடுவார்.

அம்மாவின் கை சுருக்குப்பைக்குப் போனது. கார்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, சார்ஜன்டுக்கு முன்னால் நீட்டினார். யாரும் கேட்கவில்லை. தானாகவே நீட்டினார்.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு நடந்தது. சார்ஜன்டின் கை அதை வாங்கியது. முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்துவிட்டது. "சரி, போய்ட்டு வாங்க தாயி" என்றார். அம்மாவும் "சரிங்க ஐயா" என்று சொல்லி, தன் சொந்த வீட்டுக்குள், அனுமதி கிடைத்தவராக நடந்தார்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். அம்மா குசினி வாசலில் நின்றுவிட்டார். சார்ஜன்ட் அப்படியே படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். மிஸ் மருந்துப் பெட்டியோடு வந்து, என்ன நடந்தது என்று தெரியாமல் இவரையும் அவரையும் பார்த்தார். உதவி கேட்டு நானே கூட்டிக்கொண்டு வந்த ஆட்கள். என் அம்மாவை என் வாசலிலேயே செக் பண்ணிவிட்டார்கள்.

அப்போது என் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அண்ணன் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரிக்கிறார். அவருடைய சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

"யாரது? தாயின்னு சொன்னது யாரு?" என்று படுக்கையிலிருந்தே சிங்களத்தில் கத்தினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்தி அவராகவே முன்னறைக்குப் போனார். நான் ஓடிப்போய் ஒரு கதிரையைப் போட்டேன். உட்கார்ந்து, சார்ஜன்டைப் பார்த்து, "அந்தப் பேச்ச ஒங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்.

சார்ஜன்ட் எழுந்தார். "மன்னிச்சிருங்க மல்லி. எனக்கு முன்ன அந்த எடத்துல நின்ன பொடியன்மார் சொல்லிக்குடுத்தாங்க. அவங்களுக்கு வேற கேம்ப்ல இருந்து வந்தவங்க சொல்லிக்குடுத்தாங்களாம். யாரோ ஒரு தமிழ்ப் பொடியன் ஆரம்பத்துல பழக்கினதுன்னு சொன்னாங்க. பிழையான பேச்சா?"

"பிழையில்ல. ஆனா யாழ்ப்பாணத்துல யாரும் தாயின்னு சொல்ல மாட்டாங்க. அது எங்க தோட்டத்துப் பேச்சு." அண்ணன் தொடர்ந்து, "எங்க கேம்ப்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். எல்லாருக்கும் தமிழ் பழக்கச் சொல்லி எனக்கு ஓர்டர்" என்றார்.

அன்றைக்கு அண்ணன் சொன்னது எனக்கும் அம்மாவுக்கும் அதுவரை தெரியாத கதை. நில்லுங்க, எங்க போறது, ஐடென்டிகார்ட் எடுங்க, பேக் திறங்க. இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியிருந்ததாம். கடைசியில் ஆளை அனுப்புவதற்கு 'போ' என்று ஒரு சொல் போதும் என்றார்களாம். இவர்தான், தமிழில் யாரையும் வெறுமனே 'போ' என்று சொல்லக்கூடாது, அது கெட்ட பேச்சு, போகிறவர் திரும்பி வர வேண்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். எங்கள் வீட்டில் கடைக்குப் போகிற ஆளிடம்கூட அம்மா 'போ' என்று சொல்ல மாட்டார். அந்தப் பழக்கம். பொம்பிளைகளை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டபோது, அம்மாவின் வாயில் வருகிற 'தாயி'யே இவர் வாயிலும் வந்திருக்கிறது.

"நான் வேற ஒன்னும் பெரிசா செய்யல. ரோட்டுல நின்னு எங்க ஆளுங்களயே நில்லுங்க, நில்லுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் என்னோட வீரம்" என்றார் அண்ணன். சிரிப்பு போய்விட்டது.

ஏதாவது ஆறுதல் சொல்லுவார் என்று நான் சார்ஜன்டின் முகத்தைப் பார்த்தேன். "நானும் அதத்தான் செஞ்சேன் மல்லி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் மிஸ் கேட்காமலே கீழே உட்கார்ந்து அண்ணனின் சீலைக்கட்டை அவிழ்த்துவிட்டார். அவர் தடுக்கவில்லை. வாடை அறை முழுக்க வந்தது. மிஸ்ஸின் முகம் மாறவில்லை. புண்ணைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார், முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "முழங்கால் இன்னும் ஒங்களுக்குத்தான் சொந்தம். அடுத்த கிழமையும் இருக்கும்னு என்னால சொல்ல ஏலாது. இன்னிக்கே வார்டுக்குப் போகணும். பக்கத்துக் கட்டில் ஆளுக்குப் பதில் சொல்ல நான் கூட இருக்கேன்" என்றார்.

அண்ணனின் கண் உள்ளறைப் பக்கம் போனது. அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்புவதுதான் வழக்கம்.

அப்போது சார்ஜன்ட் சம்பந்தமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார். "மல்லி, ஒரு சந்தேகம். அன்னிக்கு நங்கியோட கடையில இருந்து கிளம்பும்போது இதே பேச்சத்தான் சொன்னேன். நங்கி ஒரு மாதிரி சிரிச்சாங்க. அது ஏன்?"

நான் நடந்ததைச் சொன்னேன். அண்ணனுக்கு மறுபடியும் உதட்டில் சிரிப்பு வந்தது. "போறவன் அப்படிச் சொல்லக்கூடாது. நிக்கிறவன்தான் 'போய்ட்டு வாங்க'ன்னு சொல்லணும். நீங்க எப்பவும் நின்ன ஆளு. அதனால அந்தப் பாதிதான் ஒங்களுக்குத் தெரியும்."

"அப்ப போறவன் என்ன சொல்லணும்?"

"போய்ட்டு வாரேன்னு சொல்லணும்."

சார்ஜன்ட் அதைச் சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. இன்னொரு முறை முயன்றார், அப்போதும் சரிவரவில்லை. "எனக்கு வரல்ல. நீங்க அம்மாவப் பாத்து ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க" என்றார்.

தெரிந்துதான் கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோதும் சிரித்து மழுப்பிவிட்டார்.

அண்ணன் குசினி வாசலைப் பார்த்தார். அம்மா அங்கேயேதான் நின்றார், கார்ட் இன்னும் கையில். அண்ணன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"அம்மா, போய்ட்டு வாரேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போய்ட்டு வாப்பா" என்றார்.

அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் பேசி முடிவெடுக்கவில்லை. சொல்லியாகிவிட்டது, போக வேண்டியதுதான். நான் அவருக்கு உடுத்தச் சாரத்தையும் துவாயையும் எடுத்துப் பையில் போட்டேன். சார்ஜன்டும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்ணனை ஆட்டோவுக்குக் கொண்டு போனோம். ஏறுவதற்கு முன் அண்ணன் அந்தப் பூப்போட்ட துவாயைப் பார்த்தார். "என்னா இது, ஆட்டோவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டு, தானே கயிற்றை இழுத்துத் துவாயை உருவிப்போட்டார். என்னுடைய ஸ்டிக்கர், சிங்களமும் தமிழுமாக, தெரு பார்க்க வெளியில் வந்தது.

தெரு பார்த்ததோ இல்லையோ, டீச்சர் பார்த்தார். அவருடைய கேற்றடியிலேயே நின்றிருந்தார். அம்மா பதறிப்போய் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

"எனக்கு எப்பவோ தெரியும் அம்மா. லொறி அடிச்சுக் கால் போனவன், கேற்றடியில ஒரு பூனை வந்தாலும் காவலுக்கு நிக்கிறவன் மாதிரி நிமிர்ந்து நிண்டு பாக்க மாட்டான்" என்றார் டீச்சர். பிறகு அண்ணனைப் பார்த்தார். "கோவம் இல்லையெண்டு நான் பொய் சொல்ல மாட்டன். நில்லுங்க எண்டு சொல்லிச் சொல்லி எத்தினை தரம் எங்களை வெயிலுக்குள்ள விட்டவங்கள். ஆனா கால் கால்தானே தம்பி. கெதியாப் போய்ச் சுகப்படுத்திக்கொண்டு வாரும்."

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் திரும்பக் கும்பிடவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்த அளவுக்குத்தான் அவரால் முடிந்தது. பொய்யில்லாமல் அந்த அளவுக்கு முடிந்ததே என்று நான் இன்றைக்கும் அவரை மதிக்கிறேன்.

முழங்கால் தப்பியது. மயிரிழையில் தப்பியது என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். மிஸ் சொன்னபடி வார்டுக்கு வந்து போனார். பக்கத்துக் கட்டில்காரர் கேட்டபோது அவர் பதில் சொல்ல வேண்டி வரவில்லை, மிதிவெடி என்று அண்ணனே சொல்லிவிட்டாராம். கஞ்சி காய்ச்சும் அந்தப் பெண் போத்தலில் கஞ்சி அனுப்பினார். அவர் கதையை அண்ணன்தான் பிறகு எனக்குச் சொன்னார். கணவர் புறப்பட்ட அன்று இவர் வயலில் இருந்தாராம், போகும்போது பார்க்கக் கிடைக்கவில்லையாம். அதனால்தானோ என்னவோ, அந்த வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் அடுப்பை விட்டுவிட்டுக் கேற் வரைக்கும் வந்து நிற்பார்.

புண் ஆறிப் புதுக் கால் போட்ட பிறகு அண்ணன் கிழமையில் சில நாள் அந்தச் சங்கத்துக்குப் போகிறார். வரத் தயங்குகிற தமிழ்க் குடும்பங்களோடு போனில் பேசுவது அவர்தான். மிஸ்ஸுக்கும் சார்ஜன்டுக்கும் தமிழும் பழக்குகிறார். இந்த முறை வேறு தமிழ். உட்காருங்க, வலிக்குதா, மெதுவா, சாப்ட்டீங்களா. ஒரு நாள் நான் போயிருந்தபோது சார்ஜன்ட் என்னிடம் வலிக்குதா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கும் வலிக்கவில்லை. இருந்தாலும் அவர் ஆசையைக் கெடுப்பானேன் என்று, முதுகு கொஞ்சம் வலிக்குது என்றேன். ஆளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு அவர் எப்போது வந்தாலும் அம்மா ரொட்டி சுட்டுக் கொடுக்காமல் விடுவதில்லை. இருந்தும், அவர் படியேறும் சத்தம் கேட்டால் அம்மாவின் கை இன்னமும் ஒரு தரம் சுருக்குப்பையைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது. அவரும் அதைக் கண்டும் காணாதது போல் இருந்துவிடுவார். அது போகாது. போக வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. கிளம்பும்போது மட்டும் அவர் வாசலில் திரும்பி நின்று, கஷ்டப்பட்டுப் படித்த அந்தப் பேச்சை ஒரு எழுத்தும் விடாமல், "போய்ட்டு வாரேன் தாயி" என்கிறார். அம்மா "போய்ட்டு வாங்க" என்கிறார்.

காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் பல நாள் இதைச் சொல்லாமலே போயிருக்கிறேன். இப்போது செருப்பை மாட்டிய பிறகும் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். போய்ட்டு வாரேன் என்று சொல்ல ஒரு இடமே இல்லாமல் ஒருவர் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், அதைச் சொல்ல வைக்க ஒரு செக்பொயின்ட்காரர் பிழைத் தமிழோடு எங்கள் படியேறி வர வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்த இரண்டு சொல் எனக்குச் சும்மா வருவதில்லை.